புதுப்பிப்பு: கியர் பெட்டியை மாற்றாமலே சரியானது

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது கார் வெட்டி இழுக்கிறது, காலையில் 'டி'யில் போட்டாலும் உடனே நகர மறுக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று ஒரு பணிமனையில் கைவிரித்துவிட்டார்கள். மாற்றவில்லை. கார் நன்றாக ஓடுகிறது.

வேறொரு மெக்கானிக் எடுத்த எடுப்பில் கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றினார். ஆயில் சிவப்பு போய்க் கறுத்திருந்தது. லேசான கருகல் வாடை. தட்டிலிருந்த காந்தத்தை விரலால் வழித்துக் காட்டினார். மை போன்ற சாம்பல் நிறக் குழம்பு, அவ்வளவுதான். அது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகள் ஒட்டியிருந்தால் கதையே வேறு. ஒரு சோலினாய்டின் (கியர் மாற ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் மின் வால்வு) மின்தடை மட்டும் வரம்பை மீறியிருந்தது. அதையும் வடிகட்டியையும் மாற்றினோம்.

அழுத்தம் கொடுத்து மொத்த ஆயிலையும் வெளியேற்றச் சொன்ன நண்பர்களுக்கு: பழைய பெட்டியில் எனக்கு அதில் உடன்பாடில்லை. வடித்தால் கணிசமான ஆயில் டார்க் கன்வெர்ட்டரில் (இன்ஜின் விசையை ஆயில் வழியே கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) தங்கிவிடும் என்பது உண்மைதான். அதனால் சில காலம் ஓட்டிவிட்டு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அதே ஆயிலை மறுபடியும் வடித்து ஊற்றினேன்.

ஆயில் மட்டம் பார்க்கும் அளவுகோல் இல்லாத பெட்டி இது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்த பிறகே மட்டம் பார்க்க வேண்டும். தயவுசெய்து இதில் அவசரப்படாதீர்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கிளட்ச் வழுக்கிக் கருகும்.

கியரை மாற்றும் காரின் கணினி, ஓட்டத்தில் கற்றுப் பதிந்து வைத்திருந்த பழைய அளவுகளை அழித்ததும் கியர் மாற்றம் சற்றுத் தடுமாறியது. ஓட்ட ஓட்டப் படிந்துவிட்டது.