பாலத்துக்கு இரு பக்கமும் ஒரே கருவி: நடக்கிற காரியமா?

துவாஸ்வாசி

போன மாதம் லாரியிலிருந்து கல் தெறித்து என் காரின் முன்கண்ணாடி விரிசல் விட்டது. ஒரு பட்டறையில் கொடுத்து மாற்றினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: மலேசியாவுக்குள் போவதற்காக ஒட்டியிருந்த விஇபி (வெளிநாட்டு வண்டிகளுக்கான நுழைவு அனுமதி) வில்லை பழைய கண்ணாடியோடு குப்பைக்குப் போய்விட்டது. பட்டறைக்காரரைக் கேட்டால், "அதுக்கு நாங்க பொறுப்பில்லை சார்" என்று கையை விரித்தார். வில்லை இல்லாமல் போனால் 300 ரிங்கிட் அபராதம். அந்த வாரம் ஜொகூர் பாருவில் மச்சான் வீட்டுக் கல்யாணம். பட்டுப்புடவை, சீர்த்தட்டு சகிதம் குடும்பமே பேருந்தில் போனோம்.

இப்போது என் காருக்குள் எட்டிப் பாருங்கள். நம் சிங்கப்பூர் சாலைக் கட்டணத்துக்கு ஓபியு என்ற கருவி: திரை ஒரு பக்கம், ஆன்டெனா ஒரு பக்கம், பக்கத்து இருக்கையில் உட்காருபவரின் காலடியில் ஒரு பெட்டி. அப்புறம் மலேசிய வில்லை. அப்புறம் அங்கே கட்டணம் கட்ட டச் அண்ட் கோ அட்டை. சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும், ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலத்தைத் தாண்ட இத்தனை சாமான்!

என் வாதம் எளிமையானது. இரு நாடுகளும் உட்கார்ந்து ஒரே கருவி, ஒரே கணக்கு என்று ஒப்பந்தம் போட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2004லேயே இதற்கு உத்தரவு போட்டது. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு 2025 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. இதைவிட நல்ல நேரம் எப்போது வரும்?

பிட்டும் பைட்டும்

அண்ணே, கல்யாணத்துக்குப் பேருந்தில் போனதற்கு அனுதாபங்கள். ஆனால் வாதம் தப்பு. கருவி வேறு, கணக்கு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள்.

மலேசிய வில்லைக்குள் பேட்டரி கிடையாது. சாலைக்கு மேலே இருக்கிற ஆன்டெனா அலை அனுப்பினால் அதன் பலத்தில் தன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். விலை மலிவு, கெட்டுப்போக ஒன்றுமில்லை. நம் ஓபியு துணைக்கோளைப் பார்த்துத் தன் இடத்தைத் தானே கணக்கிடும். அதற்கான குத்தகை 2016ல் 556 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொடுக்கப்பட்டது, வண்டிகளில் பொருத்தத் தொடங்கியது 2023 நவம்பரில். ஏழு வருஷம்! பொருத்தி முடிக்கிற நேரத்தில் போய், "கழற்றுங்கள், புதுத் தரம் வந்துவிட்டது" என்றால் யார் கேட்பார்கள்?

ஐரோப்பாவை உதாரணம் காட்டினீர்களே, மீதியையும் சொல்லுங்கள். 2004ல் போட்ட உத்தரவு சரியாக ஓடாமல் 2019ல் அதை மாற்றிப் புதிதாக ஒன்று எழுதினார்கள். எல்லாருக்கும் மேலே ஒரு நாடாளுமன்றமும் நீதிமன்றமும் இருந்தே இந்த நிலை. நமக்கு மேலே யார் இருக்கிறார்கள்?

கைப்பேசி ரோமிங் மாதிரி செய்தால் போதும். அவரவர் கருவி அவரவரிடம் இருக்கட்டும். அந்தப் பக்கம் ஓடிய கட்டணம் இந்தப் பக்கக் கணக்கில் வந்து விழட்டும்.

தஞ்சோங் பகார் தாத்தா

தம்பிகளா, ஒரு பழைய கதை. 1998ல் நம் குடிநுழைவுச் சோதனையை நகருக்குள் இருந்த தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து எல்லையோர உட்லண்ட்ஸுக்கு மாற்றினார்கள். மலேசிய அதிகாரிகள் மாற மாட்டோம் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஆகவே தஞ்சோங் பகாரில் ரயில் ஏறுகிறவர் முதலில் மலேசியாவுக்குள் நுழைவார், அரை மணி கழித்து உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவார்! கடவுச்சீட்டில் மலேசிய முத்திரைகூட இருக்காது. 2011 ஜூன் 30ஆம் தேதி அந்த நிலையம் மூடப்படும்வரை இதே கூத்துதான். நானே எத்தனையோ தடவை அப்படிப் போயிருக்கிறேன்.

ஆனால் ஒன்றில் மட்டும் இரு நாடுகளும் மின்னல் வேகம். 2016 நவம்பரில் அவர்கள் வெளிநாட்டுக் கார்களுக்கு 20 ரிங்கிட் சாலைக் கட்டணம் போட்டார்கள். 2017 பிப்ரவரியில் நாம் பதிலுக்கு 6.40 வெள்ளி போட்டோம். மூன்றே மாதம். குழுவும் இல்லை, கருத்தரங்கும் இல்லை. காசு வாங்குவதில் இருக்கிற ஒருங்கிணைப்பு வேறு எதில் வந்திருக்கிறது, சொல்லுங்கள்.

வக்கீல் குமாஸ்தா

ரோமிங் என்று பைட் தம்பி சுலபமாகச் சொல்லிவிட்டார். கைப்பேசி ரோமிங்கில் போவது நிமிடக் கணக்கு. இதில் போவது என் கார் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கே நின்றது என்ற விவரம். அதற்கு எந்தச் சட்டம் காவல்?

நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல் வந்தது. அது அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது, அவற்றுக்குத் தனிச் சட்டமும் விதிகளும் இருக்கின்றன. மலேசியாவின் 2010 சட்டமும் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. ஆக, இரண்டு அரசுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் தரவு, இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் உள்ள சந்தில் போய் நிற்கும்.

கோவிட் நேரத்து டிரேஸ்டுகெதர் செயலி ஞாபகம் இருக்கிறதா? தொற்றுத் தடமறிய மட்டும்தான் என்றார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் அதைக் கேட்டுப் பெறலாம் என்று தெரியவந்தது. பிறகு கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று அவசரமாகத் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரே நாட்டுக்குள் நடந்தது இது. ஒப்பந்தம் போடுவதானால் முதல் பக்கத்தில் தரவு இருக்க வேண்டும், பின்னிணைப்பில் அல்ல.

ஸ்கூடாய் பைக்

காரைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் காலை நாலு மணிக்கு எழுந்து பைக்கில் வருகிறவன். மழைக்கோட்டுக்குள் வேர்த்து, வெளியே நனைந்து, முன்னால் நிற்பவரின் புகைக்குழாய் முழங்காலில் உரச, கிளட்சைப் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு மரத்துப்போகும். உட்லண்ட்ஸ் வழியாக ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேர் போய்வருகிறார்கள். அதில் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர்! 20 ரிங்கிட்டும் 6.40 வெள்ளியும் பைக்குக்குக் கிடையாது. அதனால் உங்கள் 'ஒரே கணக்கு' எனக்கு ஒரு நிமிடத்தைக்கூட மிச்சம் பிடித்துத் தராது.

எனக்கு உதவப்போவது ஜொகூர் பக்கத்துப் புக்கிட் சாகரையும் சிங்கப்பூர் பக்கத்து உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ரயில்தான். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் போகும்படி கட்டுகிறார்கள். இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், இறங்கினால் நேரே நடக்கலாம். கருவிக்குச் செலவழிக்கிற மூளையை அதில் போடுங்கள்.

துவாஸ்வாசி

பைக் தம்பி, நீங்கள் சொல்வதே எனக்குச் சாதகம். அந்த ரயிலில் மலேசிய அதிகாரி சிங்கப்பூர் மண்ணில் முத்திரை குத்தப்போகிறார், நம் அதிகாரி அவர்கள் மண்ணில். தாத்தா சொன்ன தஞ்சோங் பகார் கூத்து போய் இது வந்திருக்கிறது என்றால், மனம் வைத்தால் முடியும் என்றுதானே அர்த்தம்?

அதோடு நான் கட்டணத்தை மட்டும் சொல்லவில்லை. ஓட்டுநர் இல்லா வாகனம் வருகிறது. 2017ல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி அதன் சோதனை ஓட்டத்துக்கு வழிவிட்டோம், 2019ல் டிஆர் 68 என்று தற்காலிகத் தரமும் எழுதினோம். அப்படி ஒரு லாரி பாலத்தின் நட்டநடுவில் நின்றுபோனால்? சாலையில் போட்ட கோடுகளை அது எந்த நாட்டு வரையறைப்படி படிக்கும்? இன்றைக்கே பொதுத் தரம் இல்லையென்றால் அன்றைக்கு என்ன செய்வோம்?

கண்டெய்னர் அக்கா

(பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், 'சரக்கு அக்கா' என்று வைத்தால் வேறு அர்த்தம் ஆகிவிடும்.)

நான் சரக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். இந்தச் சண்டை எங்கள் பக்கம் பாதி தீர்ந்துவிட்டது, உங்களுக்குத் தெரியவில்லை. ஆசியானின் சுங்கக் கடப்பு முறை 2020 இறுதியில் ஆறு நாடுகளில் ஓடத் தொடங்கியது: சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம். புறப்படும் இடத்தில் ஒரே அறிவிப்பு, வழி முழுவதற்கும் ஒரே பிணை. லாரியில் பொதுக் கருவி எதுவும் கிடையாது. ஆறு சுங்கத் துறைகளின் கணினிகளும் ஒரே வடிவத்தில் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. அந்த அளவில் பைட் தம்பி சொல்வதுதான் சரி.

ஆனால் அந்த முறையில் முக்கியம் செய்தி வடிவம் இல்லை, பிணை. சரக்கு வழியில் காணாமல் போனால் வரியை யார் கட்டுவது, யாரிடம் கேட்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் ரோமிங்கில் அது எங்கே? ஜொகூரில் இருக்கும் சிகாமட்டுக்கே போகாத என் காருக்குச் சிகாமட்டில் கட்டணம் விழுந்தால் நான் யாரிடம் போவது? அந்தப் பக்கம் கேட்டால் உங்கள் ஊர்க் கணக்கு என்பார்கள், இந்தப் பக்கம் கேட்டால் அவர்கள் அனுப்பிய எண் என்பார்கள்.

பிட்டும் பைட்டும்

நியாயமான கேள்வி அக்கா, அதை நான் யோசிக்கவில்லை. பொறியாளர் புத்தி, செய்தி போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் துவாஸ் அண்ணனின் ஓட்டுநர் இல்லா லாரியை வைத்து இன்றைக்கே தரத்தைப் பூட்டுவதை ஏற்க மாட்டேன். டிஆர் 68க்கே 'தற்காலிகம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மாறும் என்று தெரிந்ததால்தான். வண்டிகள் தங்களுக்குள் பேசும் தொழில்நுட்பத்தில்கூட உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து பல வருஷம் சண்டை போட்டது. சீக்கிரம் பூட்டியவர்கள் பிறகு சாவியைத் தேடினார்கள்.

வக்கீல் குமாஸ்தா

அக்கா கேட்டதற்கு ஒரே ஷரத்து போதும். வண்டி எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டு அமைப்பிடமே ஓட்டுநர் புகார் கொடுப்பார். அது முதலில் பணத்தைத் திருப்பித் தரும், பிறகு மற்ற நாட்டோடு கணக்குத் தீர்த்துக்கொள்ளும். இட விவரம் கட்டணம் தீர்ந்ததும் அழிக்கப்படும், புகார் இருந்தால் மட்டும் புகார் முடியும்வரை இருக்கும். இதைப் போட்டால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும்.

துவாஸ்வாசி

அந்த ஷரத்துக்கு நானும் சம்மதம். கருவி விஷயத்தில் மட்டும் இறங்கி வரமாட்டேன். உங்கள் ரோமிங் வந்தாலும் முன்கண்ணாடி உடைந்தால் வில்லைக்கு மறுபடியும் அலைய வேண்டியவன் நான்தானே? குறைந்தது அந்த எண்ணை ஓபியுவே சொல்லும்படியாவது செய்யுங்கள்.

தஞ்சோங் பகார் தாத்தா

தம்பி, வில்லையை முன்விளக்கில் ஒட்டியிருக்கலாமே. அதற்கும் இடம் கொடுக்கிறார்கள்.

துவாஸ்வாசி

இதைப் போன மாதமே சொல்லியிருக்கக் கூடாதா ஐயா?