டெஸ்க்டொப் பவர் கேபிள்: எதை வாங்குவது?

வணக்கம் உறவுகளே. ஹட்டனில் இருந்து எழுதுகிறேன். மகளின் டெஸ்க்டொப்புக்குப் புது பவர் கேபிள் வேண்டும். பவர் சப்ளையில் சொருகும் முனையில் ஒரு துளை மட்டும் பழுப்பேறி, விளிம்பு உருகியிருக்கிறது. லேசாக அசைந்தாலே கொம்பியூட்டர் நின்றுவிடுகிறது. இப்போது கழற்றி வைத்திருக்கிறோம்.

டவுனில் இரண்டு கேபிள் காட்டினார்கள். ஒன்றில் 10 ஆம்பியர், 250 வோல்ட், 0.75 சதுர மில்லிமீட்டர் என்று அச்சடித்திருக்கிறது. சதுரக் கால் பிளக், உள்ளே 13 ஆம்பியர் பியூஸ். மற்றது பாதி விலை, மெல்லிசு, எழுத்தே இல்லை. அதைத் தொடவே மனம் வரவில்லை. பவர் சப்ளை 450 வொட்தான். வீணாகும் சக்தியைச் சேர்த்தாலும் 230 வோல்ட்டில் சுமார் இரண்டரை ஆம்பியர். ஆகவே முதல் கேபிள் தாராளமாகப் போதும். ஆனால் அந்த பியூஸை 5 ஆம்பியராக மாற்றுவது நல்லதுதானே?

பக்கத்து வீட்டு அண்ணன் ரைஸ் குக்கர் வயரைச் சொருகச் சொல்கிறார். பொருந்தும்தான், அதில் எர்த் இருக்குமா?

பெரிய கவலை வேறு. எங்கள் சுவர் பிளக் பேஸ் பழைய வட்டக் கால் வகை. கொம்பியூட்டர் கேஸின் இரும்பைத் தொட்டால் சுர்ரென்கிறது, எர்த் வரவில்லை போலிருக்கிறது. அடப்டர் போட்டால் இது தீராது. முதலில் வயரிங் பாஸைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிப்பதா? அப்புறம், சூடுபட்ட பவர் சப்ளையின் பின்களும் கருத்திருந்தால் அதையும் மாற்றியே ஆக வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.