35 லட்சம் பேர் வந்தால்தான் பெரிய விமான நிலையமா?

கணக்குப்பிள்ளை:
2008-ல் வந்த சட்டப்படி ஆண்டுக்கு 15 லட்சம் பயணிகளைத் தாண்டினால் அது ‘பெரிய விமான நிலையம்’. 2019-ல் வரம்பை 35 லட்சமாக ஏற்றினார்கள். என்னைக் கேட்டால் சரியான முடிவு. பெரிய நிலையங்களின் கட்டணத்தை விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம்தான் நிர்ணயிக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முதலீடு, செலவு, வருமானம் என்று எல்லாவற்றையும் பிரித்து மேய வேண்டும். ஊருக்கு ஊர் விமான நிலையம் வரும் காலத்தில் அத்தனைக்கும் இது நடக்கிற காரியமா?

மலைக்கோட்டையான்:
அது ஆணையத்தின் கவலை. டிக்கெட்டோடு, நிலையத்தைப் பயன்படுத்துவதற்கான பயனர் மேம்பாட்டுக் கட்டணம் கட்டுவது நான். சின்ன ஊரில் இருப்பது ஒரே நிலையம், சொன்னதைக் கட்டியாக வேண்டும். தட்டிக் கேட்க ஆள் தேவைப்படுவதே அங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
அங்கே இஷ்டத்துக்கு வசூலிக்க முடியாது. மத்திய அரசு பார்த்துக்கொள்கிறது.

மலைக்கோட்டையான்:
அந்த நிலையங்களில் பலவற்றை நடத்துவதும் அரசு நிறுவனம்தானே சார்? நடத்துவதும் அவர்கள், கட்டணத்துக்குத் தலையாட்டுவதும் அவர்கள். நல்ல ஏற்பாடு!

பனிக்காடு:
எண்ணிக்கையை விடுங்கள். குளிர்காலத்தில் சோஜிலா கணவாய் பனியில் மூடிக்கொண்டால் லடாக்கின் லே மக்களுக்கு விமானம்தான் கதி. அதைப் பெரிய நிலையம் இல்லை என்பீர்களா?

கணக்குப்பிள்ளை:
லே முக்கியமான நிலையம், யார் மறுத்தது? ஆனால் இந்தச் சட்டம் ஊர்களுக்கு மரியாதைப் பட்டியல் போடவில்லை. கட்டணத்தை யார் முடிவு செய்வது என்று பிரிக்கிறது, அவ்வளவுதான். தவிர, வருகிற கூட்டத்தை மட்டும் அது பார்ப்பதில்லை, எத்தனை பேருக்காகத் திட்டமிட்டது என்பதையும் பார்க்கிறது. அறிவிக்கை போட்டு வேறு எந்த நிலையத்தையும் அரசு சேர்க்கலாம்.

மலைக்கோட்டையான்:
இடிப்பதே அங்கேதான். 2024 ஜனவரியில் திறந்த எங்கள் திருச்சி புது முனையம் ஆண்டுக்கு 44 லட்சம் பேருக்காகக் கட்டியது. அத்தனை பேர் வர வெகுகாலம் ஆகும். இப்போது நாங்கள் பெரிசா, சின்னதா? அப்புறம் 2021 திருத்தம். பல நிலையங்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்து, அந்தத் தொகுப்பையே பெரிய விமான நிலையம் என்று அறிவிக்கலாமாம். வாரணாசியோடு குஷிநகரையும் கயாவையும் சேர்த்துத் தனியாருக்குக் கொடுக்கத் திட்டம் போட்டார்களே, அதற்கு வசதியான திருத்தம். ஆள் கணக்குதான் அளவுகோல் என்றால் சின்ன நிலையமான குஷிநகர் எப்படி உள்ளே வருகிறது?

ரன்வே09:
அமெரிக்காவில் நாடு முழுக்க விமானம் ஏறுகிறவர்களில் 1 சதவீதமோ அதற்கு மேலோ ஒரு நிலையத்தில் ஏறினால் அது பெரிய மையம். 0.25 முதல் 1 வரை நடுத்தரம். நாடு வளர்ந்தால் அளவுகோலும் தானாக வளரும். கோவிட் மாதிரி எல்லா இடமும் ஒன்றாகக் காலியானாலும் பட்டியல் பெரிதாக ஆடாது. நாம்தான் எண்ணை மாற்ற நாடாளுமன்றத்துக்குப் போகிறோம்.

கணக்குப்பிள்ளை:
அங்கே அந்தப் பிரிப்பு முக்கியமாக நிதி ஒதுக்கத்தான் உதவுகிறது. இங்கே பங்குக் கணக்கு வைத்தால் டெல்லியும் மும்பையும் வேகமாக வளர வளர, கூட்டம் குறையாத ஊர்கூடப் பட்டியலிலிருந்து விழும். மலைக்கோட்டையாருக்குச் சம்மதமா?

மலைக்கோட்டையான்:
சம்மதமில்லை. எனக்குப் பழைய 15 லட்சமே போதும். ஆணையத்தில் ஆள் போதவில்லை என்றால் ஆளைக் கூட்டட்டும், வரம்பை எதற்குக் கூட்டுகிறார்கள்?