ஸ்டாடிஸ்டிக்ஸ் படிக்க வந்த பிள்ளைகளும் அல்ஜீப்ராவும்: உங்க அனுபவம் சொல்லுங்க

தக்கலை டியூஷன்

பி.காம் முதல் வருஷப் பிள்ளை. திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியை விட்டுப் பொதுவா எவ்வளவு தள்ளி நிக்குதுங்கற அளவு, பத்தாங்கிளாஸ்லயே படிச்சதுதான். நேரடி முறை, ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை எல்லாம் மடமடன்னு சொல்லும். 2, 3, 7-ன்னு மூணே மூணு எண் குடுத்தேன். சராசரி 4. அடுத்து ஒவ்வொண்ணையும் வர்க்கமாக்கிக் கூட்டணும். பிள்ளை முதல்லயே கூட்டி 12, அதை வர்க்கமாக்கி 144-ன்னு போட்டுட்டு மேல போயிட்டுது. 144-ஐ 3-ஆல வகுத்து 48, அதுல 16 போக 32, வர்க்கமூலம் 5.66. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

தப்புன்னு நான் சொல்லல. "இந்த மூணுல 4-ஐ விட்டு ரொம்பத் தள்ளி நிக்கது எது மக்ளே?"ன்னு கேட்டேன். "7 சார், மூணு தூரம்." "எல்லாமே மூணு தூரத்துக்குள்ள நிக்கும்போ திட்ட விலக்கம் எப்பிடி 5.66 வரும்?"

பேனாவை மூடி வச்சுட்டு நோட்டையே பாத்துட்டு இருந்துது. பொறவு, "ரெண்டும் ஒண்ணுன்னுதான் சார் இவ்வளவு நாளும் நெனச்சேன்"ன்னுச்சு. 4, 9, 49 கூட்டினா 62, விடை 2.16. இத்தனை வருஷம் இந்தப் பிள்ளைக்க நோட்டைத் திருத்தின ஒருத்தர் கண்ணுலயும் இது படலியேங்கறது எனக்கு இன்னும் ஆறல.

ஆரல் காத்து

அண்ணே, அதே விஷயம் முப்பந்தல் பக்கம் காத்தாடிக்கு அடியிலயும் நடந்துச்சு. காத்துல உள்ள சக்தி வேகத்துக்க மூணாம் அடுக்குல ஏறும், தெரிஞ்சதுதான். புராஜெக்ட் செய்ய வந்த பையன், பாதி நேரம் செகண்டுக்கு 4 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் வேகம், சராசரி 6, அதுக்க மூணாம் அடுக்கு 216-ன்னு எழுதியிருந்தான். தனித்தனியா போட்டா 64-உம் 512-உம், சராசரி 288. கால்வாசி சக்தி பேப்பர்லயே காணாம போச்சு. மேல இறக்கை சுத்திட்டு இருக்கு, இவன் "காத்து சராசரியா 6-தானே சார்?"ன்னு திரும்பத் திரும்பக் கேக்கான். ஒரு வருஷக் காத்தை இப்பிடி மதிப்பு போட்டா என்ன ஆகும்?

நாகர்கோவில் டேட்டா

ரெண்டு பேரும் பிள்ளைகளைப் பயங்காட்டாதீங்க. வேலைக்குப் போனா யாரும் கையால போடறதில்ல, எக்செல்ல ஒரு வரி போதும். எனக்குத் தெரிஞ்ச நர்சிங் பிள்ளை ஒண்ணு புத்தகத்துல சிக்மா குறியைப் பாத்ததும் கண்ணு நெறஞ்சு, "அண்ணா, நான் படிப்பை விட்டுடட்டா?"ன்னு கேட்டா. அது "கூட்டு"ன்னு சொல்ற ஒரு குறி, அவ்வளவுதான்னு அதுவரைக்கும் அவகிட்ட யாரும் சொல்லல. அந்த முகம்தான் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. குறியைச் சொல்லிக் குடுங்க, கணக்கை மெஷின் பாத்துக்கும்.

குளச்சல் டீச்சர்

டேட்டா தம்பி, மெஷின் எதைப் பாத்துக்கும்? எக்செல்ல =-3^2 போடுங்க, 9-ன்னு காட்டும். பிள்ளைகள் கையில வச்சிருக்க சயின்டிபிக் கால்குலேட்டர்ல அதையே தட்டுங்க, −9. ^2-ன்னா வர்க்கம்; எக்செல் மைனஸையும் சேத்து வர்க்கமாக்குது, கால்குலேட்டர் 3-ஐ மட்டும் வர்க்கமாக்கிட்டு மைனஸ் போடுது. எதை நம்பச் சொல்லுவீங்க?

எனக்க கதை சின்னது. சராசரி 60, திட்ட விலக்கம் 10, நார்மல் பரவல். முதல் பத்து சதவீதத்துல வர எத்தனை மார்க் வேணும்? எனக்க மாணவி ஒருத்தி, இசட் (சராசரியை விட்டு எத்தனை திட்ட விலக்கம் தள்ளிங்கற எண்) 1.28-ன்னு டேபிள்ல சரியாத்தான் எடுத்தா. ஆனா 1.28 = எக்ஸ் − 60/10-ன்னு அடைப்புக்குறி இல்லாம எழுதி, 60/10-ஐ 6 ஆக்கி, எக்ஸ் = 7.28-ன்னு முடிச்சு, அடியில ரெண்டு கோடும் போட்டுட்டா. ஏழு மார்க் வாங்கினவ முதல் பத்து சதவீதத்துல! வரவேண்டியது 72.8.

அதனால சொல்லுதேன், காலேஜுல சேருததுக்கு முன்ன லீவுல இதையெல்லாம் பழக்கிடுங்க. பின்னத்துக்க மேல ரெண்டு உறுப்பு இருந்தா அடைப்புக்குறி இல்லாம ஒரே வரியில எழுத விடாதீங்க. 9-உம் 16-உம் கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 5, தனித்தனியா எடுத்துக் கூட்டினா 7. இதைப் பிள்ளை தானே போட்டுப் பாக்கணும், நாம சொன்னா ஒட்டாது. மைனஸ் எண்ணால வகுத்தா அசமன்பாட்டுக் குறி திரும்பும். சூத்திரம் எதுவானாலும் அதுல உள்ள ஒவ்வொரு எழுத்தையும் ஒருதடவை தனியாக்கி எழுதச் சொல்லுங்க. முக்கியமா சாம்பிள் அளவு, அதாவது எத்தனை பேர்கிட்ட கேக்கணும்ங்கறது (என்): திட்ட விலக்கம் 10, சராசரியில பிழை 95 சதவீத நம்பிக்கையோட 2-க்குள்ள வேணும்னா 1.96 × 10 / √என் = 2. √என் 9.8, என் 96.04, அப்போ 97 பேர். பிழையைப் பாதியாக்கி 1-ன்னு வச்சா 385 பேர். ஏன் நாலு மடங்கு ஆச்சுன்னு வர்க்கமூலத்தைத் தன் கையால நீக்கின பிள்ளை உடனே சொல்லிடும். எக்செல் 385-ன்னு காட்டும், ஏன்னு சொல்லாது.

நாகர்கோவில் டேட்டா

இப்பதான் போட்டுப் பாத்தேன் டீச்சர், 9-தான் வருது. அடைப்புக்குறி வேணும்தான். ஆனா முதல் நாளே இந்தப் பட்டியலை நீட்டினா அந்த நர்சிங் பிள்ளை ரெண்டாம் நாள் வரமாட்டா. முதல்ல குறி, பொறவு அடைப்புக்குறி. அதை நான் மாத்த மாட்டேன்.