போர்ட்ரா ப்ரீசெட் போட்டா எல்லார் முகமும் செங்காமட்டை கலர் ஆகுது, என்ன தப்பு பண்றேன்?

கேமரா_கிறுக்கன்:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசம் முன்னாடி ஆன்லைன்ல ஒரு ஃபிலிம் ப்ரீசெட் பேக் (ஒரே க்ளிக்ல படத்துக்கு ஃபிலிம் கலர் குடுக்குற ரெடிமேட் செட்டிங்ஸ்) வாங்கினேன், போர்ட்ரா 400, கோல்டு 200, கோடாக்ரோம்னு ஏகப்பட்ட கோடாக் ஃபிலிம் பேர் போட்டிருந்துச்சு, சாம்பிள் படம் எல்லாம் ஏதோ வெளிநாட்டு கோதுமை வயல், சாயங்கால வெயில், வெள்ளைக்காரப் பொண்ணு, பாத்ததும் மயங்கிட்டேன். போன ஞாயிறு அக்கா பொண்ணுக்கு காதுகுத்து, வீட்டு ஹால்லயும் வாசப் பந்தல்லயும் முந்நூறு படம் எடுத்து லைட்ரூம்ங்குற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டு போர்ட்ராவ க்ளிக் பண்ணா, பந்தில போட்ட வாழை இலை சருகு மாதிரி ஆயிருச்சு, மச்சான் தலைமுடி சாம்பல் பூத்துக் கெடக்கு, அம்மாச்சி போன்ல பாத்துட்டு "என் மூஞ்சில எதுக்குடா செங்காமட்டையக் கொழச்சுப் பூசி வச்சிருக்க"ன்னு கேக்குது. கேமரா நிக்கான் டி5600, பாதி ரா (கேமரா பதிஞ்சத அப்படியே வைக்குற ஃபைல்), கார்டுல எடம் பத்தாம பாதி ஜேபெக் (கேமராவே முடிச்சுச் சுருக்கிக் குடுக்குறது). ப்ரீசெட்டே டுபாக்கூரா இல்ல நான் போடுற விதம் தப்பா?

ரா_மட்டும்:
ரெண்டும்தான் ப்ரோ 😄

ஹால்ல என்ன லைட்டு? இப்ப நம்ம பக்கம் நிறைய வீடுகள்ல 6500 கெல்வின் (வெளிச்சத்தோட கலருக்கான அளவு) வெள்ளை எல்ஈடிதான், ஜன்னல்ல வெயில் வேற வரும். நிறைய ப்ரீசெட்ல ஒயிட் பேலன்ஸும் (அந்த வெளிச்சத்துல வெள்ளைய வெள்ளையாக் காட்டுற செட்டிங்) ஒரே நம்பரா உள்ளயே உக்காந்திருக்கும், ப்ரீசெட் செஞ்சவன் சாயங்கால வெயிலுக்கு வச்ச நம்பர் உங்க ஹாலுக்கு எப்படிப் பொருந்தும். இன்னொண்ணு, ரா ஃபைல்ல அந்த ஸ்லைடர் கெல்வின்ல இருக்கும், ஜேபெக்ல மைனஸ் 100-ல இருந்து ப்ளஸ் 100 வரைக்கும்தான், அதனால ஒரே ப்ரீசெட் ரெண்டுலயும் ஒரே மாதிரி வரவே வராது. ஜேபெக்ல கேமராவே கான்ட்ராஸ்ட் ஏத்திதான் குடுக்குது, அதுக்கு மேல ப்ரீசெட்டோட கர்வும் (வெளிச்சம், நிழல மாத்துற வளைகோடு) ஏறினா முகத்துல நிழல் விழுற பக்கம் எல்லாம் செவந்து போகும்.

அப்புறம் ஆரஞ்சு. நம்ம தோல் கலர் எல்லாமே எச்எஸ்எல் பேனல்ல (ஒவ்வொரு கலரையும் தனியா மாத்துற எடம்) ஆரஞ்சுலதான் விழும். வெளுத்த தோலுக்கு கொஞ்சம் உயிர் வரட்டும்னு அவன் ஆரஞ்சு சாச்சுரேஷன (கலரோட அடர்த்திய) ஏத்தியிருப்பான், நமக்கு அதுவே செங்கல். பச்சைய மஞ்சப் பக்கம் தள்ளியிருப்பான், அதான் உங்க இலை சருகானது. பழைய போட்டோ மாதிரி மங்கலா இருக்கட்டும்னு கர்வோட அடிமுனைய மேல தூக்கியிருப்பான், முடி சாம்பலானதுக்கு அதான் காரணம்.

மொதல்ல ப்ரீசெட்டே போடாம ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் ரெண்டையும் சரி பண்ணுங்க, தட்டுல இருக்குற வெள்ளைச் சோத்த ஒயிட் பேலன்ஸ் ட்ராப்பரால தொட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் ப்ரீசெட்ட போட்டு, ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் டிக் எடுத்துட்டு உங்க பேர்ல புதுசா சேவ் பண்ணிக்கோங்க. 2022-ல இருந்து லைட்ரூம்ல ப்ரீசெட்டுக்கே அமவுன்ட் ஸ்லைடர் (எவ்வளவு தூக்கலா வரணும்னு கூட்டிக் கொறைக்குறது) இருக்கு, 100-லயே விடணும்னு சட்டம் இல்ல.

பழைய_லேப்காரன்:
தம்பி, நான் 90-கள்ல கலர் லேப்ல மெஷின்ல நின்னவன், அதனால இந்த ஃபிலிம் லுக்குங்குற வார்த்தையக் கேட்டா கொஞ்சம் சிரிப்பு வரும். கோபிச்சுக்காதீங்க.

நெகட்டிவ் ஃபிலிமுக்குன்னு தனியா ஒரு கலர் கண்ணுக்குத் தெரியாது, கையில பிடிச்சுப் பாத்தா அதுவே ஆரஞ்சாத்தான் இருக்கும். நீங்க ஆல்பத்துல பாக்குற கலர் பேப்பர்ல வந்தது, அத முடிவு பண்ணது மெஷின் முன்னாடி உக்காந்திருந்த ஆளு. எங்க மெஷின்ல டென்சிட்டிக்கு (படம் எவ்வளவு கருக்கணுங்குறதுக்கு) ஒரு கீ, சியான், மெஜந்தா, யெல்லோவுக்கு மூணு கீ. கல்யாண மண்டபத்துல ட்யூப்லைட்ல ஃப்ளாஷ் இல்லாம எடுத்த ரோல் வந்தா மொத்தமும் பச்சை அடிக்கும், மெஜந்தா கீயத் தட்டித் தட்டித்தான் முகத்த முகமாக் கொண்டு வருவோம். மாப்ள கருப்பு, பொண்ணு செவப்பு, ரெண்டு பேரும் ஒரே ஃப்ரேம்னா டென்சிட்டியோட சண்டைதான். அதக் கூட்டிக் கொறச்சு வச்சு டெஸ்ட் அடிச்சுப் பாத்துட்டுத்தான் மீதிய ஓட்டுவோம். ஒரே ரோல ரெண்டு லேப்ல குடுத்தா ரெண்டு கலர் வரும். அப்ப அதுல எது கோல்டு 200, நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு. நெகட்டிவ்ல வெளிச்சம் ஒரு ஸ்டாப் (அதாவது ரெண்டு மடங்கு) கூடினாலும் தாங்கும், கொறஞ்சாதான் செத்துரும், நிழல்ல ஒண்ணுமே நிக்காது. டிஜிட்டல்ல நேர் தலைகீழ், வெள்ளை எரிஞ்சா எரிஞ்சதுதான், அதத் திருப்பிக் கொண்டு வர முடியாது. பந்தல்ல வேட்டி சட்டைல நின்னவங்களப் பாருங்க, சட்டை மடிப்பு தெரியுதா? தெரியலேன்னா எந்தப் ப்ரீசெட்டும் அத ஃபிலிம்ல மாதிரி மெதுவா வெளுக்குறதாக் காட்டாது. எடுக்கும்போதே வெள்ளை எரியாத அளவுக்கு எக்ஸ்போஸ் பண்ணி, நிழல அப்புறம் தூக்குங்க.

கோவை_க்ளிக்:
லேப்கார அண்ணா சொன்னது நூத்துக்கு நூறுங்க. அந்தக் கோடாக்ரோம் பேருதான் எனக்கு ரொம்ப வேடிக்கைங்க, அத கோடாக் 2009-லயே நிறுத்திருச்சு, அதக் கழுவிக் குடுத்த கடைசி லேப் அமெரிக்கால கான்சாஸ்ல இருந்துச்சு, அவங்களும் 2010 டிசம்பர் 30-ஓட ரோல் வாங்கறத நிறுத்திட்டாங்க. ப்ரீசெட் செய்யற பசங்க பழைய ஸ்லைடோட ஸ்கேனப் பாத்து குத்துமதிப்பா செய்யறதுதானுங்க.

காசு குடுக்காம பழகணும்னா ராதெரபிங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர எறக்கிக்கோங்க, இலவசம், ஃபிலிம் சிமுலேஷன்னே ஒரு டூல் இருக்கு, அதுக்கு ஹால்ட் க்ளட்னு, ஃபிலிம் கலர் பதிஞ்ச பிஎன்ஜி படங்களா ஒரு தொகுப்பு தனியா எறக்கிப் போடணும். அதுலயும் ஸ்ட்ரெங்த் ஸ்லைடர் இருக்குங்க. நான் இப்ப ஃபியூஜி கேமராவுக்கு மாறிட்டேன், அதுலயே இருக்கற க்ளாசிக் க்ரோம்ங்கற கலர் செட்டிங்கப் போட்டு ஜேபெக்லயே எடுத்துடறேன், எடிட்டே இல்லீங்க. ஆனா கல்யாணத்துக்கு அது வேண்டாமுங்க, அரக்குப் பட்டு அதுல கொஞ்சம் செத்த மாதிரி இருக்கும், பொண்ணு வூட்டுக்காரங்க சண்டைக்கு வந்துருவாங்க.

அப்புறம் க்ரெய்ன் (ஃபிலிம்ல தெரியற மாதிரி பொடிப் புள்ளி) போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, அது கம்ப்ரஸ் பண்றப்ப க்ரெய்ன் எல்லாம் திட்டுத்திட்டா சேறாயிரும். ப்ரின்ட்டுக்குப் போறதுக்கு மட்டும் போடுங்க.

கேமரா_கிறுக்கன்:
அண்ணே எல்லாருக்கும் நன்றி, நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்தேன். சோத்தத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் எடுத்ததுலயே அம்மாச்சி முகம் அம்மாச்சி முகமா வந்துருச்சு, அப்பத்தான் தெரிஞ்சுது ப்ரீசெட் இல்லாமயே படம் நல்லாத்தான் இருந்திருக்குன்னு. அமவுன்ட் 35, ஆரஞ்சு சாச்சுரேஷன் மைனஸ் 12, மஞ்சப் பக்கம் தள்ளியிருந்த பச்சை ஹ்யூவ மொத்தமா ஜீரோவுக்குக் கொண்டு வந்துட்டேன், இலை பச்சையா இருக்கு. சட்டை மடிப்பு ராவுல எடுத்ததுல கெடச்சுது, ஜேபெக்ல இருந்தது போச்சு, மாமாவோட பாதி படம் வெள்ளைச் சொவரு மாதிரிதான் நிக்குது. மச்சான் முடி மட்டும் இன்னும் கொஞ்சம் சாம்பலா இருக்கு.

ரா_மட்டும்:
டோன் கர்வ்ல பாயின்ட் கர்வ எடுத்து இடது ஓரத்துல இருக்குற புள்ளிய அடி வரைக்கும் எறக்குங்க, கருப்பு திரும்ப வந்துரும். அதுக்கப்புறமும் சாம்பல்னா மச்சான்கிட்ட வயசக் கேளுங்க 😂