பட்டாளத்துக் கவாத்தும் தோட்டத்துக் கவ்வாத்தும்

கண்டிப் பேத்தி (காலை 6.40): லீவுக்கு வந்த இடத்தில் அப்பாயியின் தகரப் பெட்டியைத் துப்புரவு செய்தேன். பழைய சேலைக்குள் சுற்றியிருந்த இந்தப் புகைப்படம் அடியில் கிடைத்தது. தொப்பி காதுவரை இறங்கியிருக்கும் இந்தச் சிப்பாய் நம் தாத்தாவா?

ஹட்டன் சித்தப்பா: (பெருவிரல் படம்)

தாத்தா: பெருவிரல் படம் நம் குடும்பத்தின் இந்தக் கைபேசிக் குழுவில் பதிலாக ஏற்கப்படமாட்டாது என்று தைப்பொங்கலன்றே அறிவித்திருக்கிறேன். வாக்கியமாக எழுது, மகன்.

ஹட்டன் சித்தப்பா: மன்னிக்க வேண்டும், அப்பா. அந்தச் சிப்பாய் நீங்கள்தான் என்பதை நான் இதன்மூலம் உறுதிப்படுத்துகிறேன்.

தாத்தா: நானேதான். தியத்தலாவை இராணுவ முகாமின் காற்று முதல் வாரமே என் தொப்பியைக் கொண்டுபோய்விட்டதால், படம் எடுப்பதற்காகப் பெரிய தலைக்காரன் ஒருவனிடம் கடன் வாங்கிய தொப்பி அது. 1963இல், இருபது வயதில், ஹட்டனில் பதுளை ரயில் ஏறினேன். பட்டிப்பொலைச் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில். அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் அப்பாவுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவுப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால்தான் என்னால் விண்ணப்பிக்கவே முடிந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என் வயதுப் பையன்கள் பலருக்கு நாடே இல்லாதிருந்தபோது, நான் நாட்டைக் காக்கப் புறப்பட்டேன்.

பதுளை அத்தை: தியத்தலாவை முகாம் 1900இல் போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைப்பதற்காக உருவாக்கப்பட்டது என்று பாடசாலையில் படித்தோம், அப்பா.

தாத்தா: கைதிகளுக்காகக் கட்டிய இடம் என்பதை எனக்குக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சொன்னார்கள், மகள். ஆனால் என் சிரமத்துக்குப் போயர்கள் காரணமல்லர், மொழிதான் காரணம். பயிற்றுவித்த சார்ஜன்ட் சிங்களத்தில் விளக்கினார். சிங்களத்தில் 'வம' என்றால் இடது. என் தமிழ்க் காதுக்கோ அது 'வலம்' என்று விழுந்தது. ஆகவே முப்பது பேர் இடப்பக்கம் திரும்பியபோது நான் ஒருவன் மட்டும் வலப்பக்கம் திரும்பி, பக்கத்தில் நின்றவனின் மூக்கோடு மூக்கு வைத்து நிற்பேன். அவன் மூக்குப் பொடி போடுகிறவன் என்பது வேறு கதை. கடைசியில் மாரியம்மனை வேண்டி, இடது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு நூலைக் கட்டிக்கொண்டேன். 'வம' என்றால் நூல் இருக்கும் பக்கம்.

அப்பாயி: ஆண்பிள்ளைகள் வலது கையில்தான் காப்புக் கட்டுவார்கள். பெண் பார்க்க வந்த அன்று இடது கையில் நூலைக் கண்டு, மாப்பிள்ளைக்கு ஏதோ பெரிய நேர்த்திக்கடன் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் மெய்சிலிர்த்தார்கள்.

கண்டிப் பேத்தி: தாத்தா, சண்டையில் ஈடுபட்டிருக்கிறீர்களா?

தாத்தா: நான் இருந்தது வழங்கல் பிரிவில், மகள். பருப்பு மூட்டை, தேங்காய், நெத்தலிக் கருவாடு ஆகியவற்றை லொறியில் ஏற்றி இறக்கி எண்ணிக்கை எழுதுவதே என் போர். 1971 ஏப்ரல் கிளர்ச்சியும் வந்து போனது. அதில் செத்தவர்கள் என் வயதுப் பிள்ளைகள். அதைப் பற்றிச் சிரித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 1973இல் விலகினேன். சேர்ந்தது சிலோன் இராணுவத்தில், வெளியேறியது ஸ்ரீ லங்கா இராணுவத்திலிருந்து. போர்வையும் அதிலிருந்த பொத்தலும் மட்டும் மாறவில்லை.

கண்டிப் பேத்தி: இவ்வளவு நல்ல படத்தை ஏன் பெட்டிக்குள் வைத்தீர்கள்?

அப்பாயி: 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நான்தான் சுவரிலிருந்து இறக்கினேன். அந்தச் சீருடையைப் பார்த்து எந்தப் பக்கத்தவர் என்ன நினைப்பார்கள் என்று சொல்ல முடியாத காலம் அது. சரி, நீங்கள் தோட்டத்தில் வேலை கேட்கப் போன கதையைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் மறைப்பதற்குத்தான் இவ்வளவு நேரம் தியத்தலாவையிலேயே நிற்கிறீர்கள்.

தாத்தா: மறைக்க அதில் ஒன்றும் இல்லை. மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தோட்டம். அதன் பெயர் வேண்டாம். பெரிய கிளாக்கர் என்னை நிற்க வைத்து, "கவாத்துத் தெரியுமா?" என்று கேட்டார். பட்டாளத்தில் அணிவகுப்புப் பயிற்சிக்குக் கவாத்து என்றுதானே பெயர்? "பத்து வருடம் செய்திருக்கிறேன், ஐயா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் கேட்டதோ தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து. பத்து வருட அனுபவசாலி கிடைத்துவிட்டான் என்று அவர் அகமகிழ்ந்து, மறுநாளே கவ்வாத்துக் கத்திக்காரர் பதினெட்டுப் பேரையும் ஏழாம் நம்பர் மலையையும் என்னிடம் ஒப்படைத்தார்.

ஹட்டன் சித்தப்பா: இல்லை, எனக்குத் தெரியாது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாமே, அப்பா.

தாத்தா: உன் அண்ணனுக்குப் பால்மா வாங்க வேண்டியிருந்தது, மகன். நான்கைந்து வருடம் வளர்ந்த செடியை ஏறக்குறைய முழங்கால் உயரத்துக்கு வெட்ட வேண்டும் என்பதை அங்கே நின்றவர்களிடமே தந்திரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்குமேல் என் பட்டாள மூளை வேலை செய்தது. அணி என்றால் மட்டமாக இருக்க வேண்டுமல்லவா? வரிசைக்கு வரிசை கயிறு பிடித்து, நீர்மட்டம் பார்த்து வெட்டச் சொன்னேன். மலைச் சரிவு எப்படியோ அப்படியே கத்தியும் சாய்ந்து போக வேண்டும் என்பது கத்தி பிடித்த குழந்தைக்கும் தெரியும், எனக்குத் தெரியவில்லை. மதியத்துக்குள் ஒவ்வொரு செடியும் மேட்டுப் பக்கம் மொட்டையாகவும் பள்ளத்துப் பக்கம் தாடியோடும் நின்றது. அவ்வழியாக வந்த தோட்ட நிர்வாகி, பெரிய துரை, மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, செத்த வீட்டில் நிற்பதுபோல நெடுநேரம் நின்றார்.

பதுளை அத்தை: வேலை போய்விட்டதா?

தாத்தா: போகவில்லை. மூன்று வாரம் கத்தியைக் கையில் கொடுத்து, ஒரு கிழவனாருக்குப் பக்கத்தில் என்னை விட்டார்கள். வெட்டு வாயில் தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகும். ஆகவே சாய்த்து, ஒரே இழுப்பில், பிசிறில்லாமல் வெட்டு என்று அவர் சொல்லிக் கொடுத்தார். சார்ஜன்டைவிட அவர் கடுமையானவர். ஆனால் தமிழில் திட்டினார், அது ஆறுதலாக இருந்தது. பிறகு கொழுந்து பறிக்கும் மலைக்கு மாற்றினார்கள். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நான் முதல்நாள் போட்ட சத்தத்தில், வரிசையில் நின்ற ஒரு கிழவி, "மெதுவாகப் பேசுங்கள், ஐயா, கொழுந்து எங்கேயும் ஓடிவிடாது" என்றாள். அன்றிலிருந்து எனக்குப் 'பட்டாளத்துக் கணக்கப்பிள்ளை' என்று பெயர்.

ஹட்டன் சித்தப்பா: பரேட் என்பதுதான் தோட்டத்தில் பிரட்டாக மாறியது என்று சொல்வார்கள். அப்படியென்றால் நீங்கள் பரேடிலிருந்து தப்பி வந்து மறுபடியும் பரேடிலேயே விழுந்திருக்கிறீர்கள், அப்பா.

தாத்தா: முப்பது வருடம் விழுந்து கிடந்தேன். 1975இல் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, 1992இல் நிர்வாகம் கம்பனிக்குப் போனது, பிரட்டு மட்டும் எங்கும் போகவில்லை. 2003இல் ஓய்வு பெற்று, சேமலாப நிதிப் பணத்தில் இந்த வீட்டுக்குக் கூரை போட்டு, ஒரு பசுவும் வாங்கினேன். இனிமேல் வெயில் ஏறிய பிறகுதான் எழும்புவேன் என்று உன் அப்பாயியிடம் அறிவித்தேன்.

அப்பாயி: அறிவித்தார். பசுவுக்கு அந்த அறிவிப்பு எட்டவில்லை. காலை ஐந்தரைக்குப் புல்லுக்கட்டு வர வேண்டும். கட்டு சிறிதாக இருந்தால் அவருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கணக்குத்தான், தேநீரும் அரைக் கோப்பைதான்.

தாத்தா: தொழிற்சங்கத்தில் முறையிட்டேன். தலைவியும் அவளே.

அப்பாயி: தொலைபேசியை வைத்துவிட்டு வாருங்கள். வேலியோர ரோஜாச் செடிகள் கவ்வாத்துக்கு வந்து நிற்கின்றன. கயிறு கொண்டு வர வேண்டாம்.

கண்டிப் பேத்தி (காலை 8.15): தாத்தா கயிற்றை எடுத்துக்கொண்டுதான் போகிறார்.