பேச்சு வராத அப்பாவும் வெள்ள முகாமும்: தன்னார்வலர்களுக்கு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

வேளச்சேரி மகள்:
2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நான் பெங்களூரில் இருந்தேன். அப்பாவைப் படகில் ஏற்றி ஒரு பள்ளிக்கூட முகாமில் சேர்த்திருந்தார்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் வருவது "ஆமாம்" மட்டும். வேண்டும் என்றாலும் ஆமாம், வேண்டாம் என்றாலும் ஆமாம். காது நன்றாகக் கேட்கும்.

"சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டீர்களா ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "ஆமாம்." மாத்திரை டப்பாவோ வீட்டு அலமாரியில். இரண்டு நாள் அப்படியே போயிருக்கிறது. இன்னொருவர் காது மந்தம் என்று நினைத்துக் கத்தியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா தன் வெறும் சட்டைப் பையைத் தட்டித் தட்டிக் காட்டினார். வெளியே போகும்போது மாத்திரையை வழக்கமாக அங்கேதான் வைத்துக்கொள்வார்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவெல்லாம் கண்விழித்துச் சோறு போட்டவர்கள். இந்தப் பருவமழைக்கு முன் எங்கள் தெருக் குழுவினருக்கு என்ன பழக்கிக்கொடுப்பது?

பேச்சுப் பயிற்சியாளர்:
அம்மா, இதற்குப் பெயர் அஃபேசியா. அறிவு மங்கவில்லை, சொல்தான் சிக்கிக்கொள்கிறது. "ஆமாம்" வந்ததும் அதையே பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். கேள்வியைத் திருப்பிப் போட்டு, "இன்னும் போடவில்லையா?" என்று கேட்கட்டும். இரண்டுக்கும் ஆமாம் என்றால் பேச்சை நிறுத்திவிட்டுப் பொருளைக் காட்ட வேண்டும்: மாத்திரை அட்டை, தண்ணீர் பாட்டில், போர்வை.

பலரும் உடனே பேனாவைக் கொடுத்து "எழுதிக் காட்டுங்கள்" என்பார்கள். அஃபேசியாவில் எழுத்தும் பல நேரம் சேர்ந்தே போய்விடுகிறது. வலது கையும் தளர்ந்திருக்கலாம். பெரிய படங்கள் போட்ட ஓர் அட்டையை லேமினேட் செய்து இடது கைக்கு எட்டும்படி வையுங்கள். கேட்டபின் பத்து விநாடியாவது பொறுக்க வேண்டும். என் அனுபவத்தில் ஆட்களுக்குக் கடினமாக இருப்பது இந்தப் பொறுமைதான்.

தாம்பரத்துக்காரன்:
எனக்குத் திக்குவாய். 2015 வெள்ளத்தில் உதவி எண் ஒன்றுக்கு அழைத்தேன். தெருப் பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டேன். "ஹலோ, ஹலோ" என்றார்கள், வைத்துவிட்டார்கள். மறுபடியும் அதேதான். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா பேசினார். உங்கள் குழு தொலைபேசி எண் கொடுத்தால், குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று அதிலேயே அச்சிடுங்கள் சகோதரி.

சட்டம் படித்தவர்:
2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடு அதில் ஒன்று. விளக்கத்தில் அஃபேசியா பெயரோடு இருக்கிறது. 8ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளின் விவரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பதிவு செய்து வைத்து, ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் தர வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். தந்தை பெயரோடு, அந்தப் பகுதியில் இப்படி உள்ள மற்றவர்களின் பெயரையும் அவர்களைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.

வேளச்சேரி மகள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆறு படங்கள் வரைந்து அப்பாவிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு காலியாக இருந்த மூலையில் விரலை வைத்து, தன் கண்ணைக் காட்டினார். முகாமில் அந்த இரண்டு நாளும் மூக்குக்கண்ணாடி இல்லாமல் இருந்திருக்கிறார். எனக்கே நேற்றுதான் தெரிந்தது. ஏழாவது படமாகக் கண்ணாடியை வரைந்துவிட்டேன். திங்கட்கிழமை மனுவோடு போகிறேன்.